மூன்றாவது பொட்டு

பம்மலில் வாத்தியங்கள் ரிப்பேர் செய்யும் கடையில், மடியில் கிடத்தி, தந்திமேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் பழைய ஹவாயன் கிட்டார் ஒன்று கிடந்தது. "கம்பெனி பேரே இல்ல சார். யாராலயும் கண்டுபுடிக்க முடில" என்றார் கடைக்காரர். அதன் கழுத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா இறந்தபின் வீடு மாறியதில் தொலைந்த கிட்டார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு சர்ச்சில் வாசிக்க அப்பாவுக்கு வெட்கம். சுரத்தின் இடம் தெரிய அம்மாவின் நெயில் பாலிஷால் பொட்டு வைத்துக்கொள்வார். "என் விரலுக்கே பத்தல, இந்தக் கட்டைக்கு அலங்காரமா?" என்று அம்மா கத்துவாள். ஆனால் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் பாட்டில் தீர்ந்தபோது, தாம்பரம் மார்க்கெட்டில் ரோஸ் கலர் வாங்கிவந்து மூன்றாவது பொட்டை அவளே வைத்தாள். ஒரு நூல் தள்ளி வைத்துவிட்டாள். அந்த இடம் வந்தாலே சுரம் இறங்கும், கொயரில் சிரிப்பார்கள். காதுக்குத் தெரிந்தும், அப்பா ஒருநாளும் அந்தப் பொட்டைத் தாண்டி இரும்பை நகர்த்தியதில்லை.

"அழுக்கத் தொடைங்கண்ணா. ரோஸ் பொட்டு ஒண்ணு இருக்கும்."

துடைத்தார்; இருந்தது. அதன்மேல் இரும்புத் துண்டை வைத்துத் தந்தியை மீட்டியவர் முகம் சுளித்தார்.

"சுதி சேரலயே சார்."

"அதான்ணா அடையாளம். பேக் பண்ணுங்க."