டீச்சர் முட்டி போட்ட நாள்

கரீபியக் கடலில் இருக்கிற எங்கள் கரியாகூ தீவில் இனெஸ் குஜோவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்தவள். இன்று படகு ஓட்டுகிறவன், தபால் பிரிக்கிறவள், ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவன் எல்லாரும் அவளிடம் காதைத் திருகக் கொடுத்தவர்கள்தான். அப்படிப்பட்டவளுக்கே ஒரு காலத்தில் வேலை நிலைக்குமா போகுமா என்று இருந்தது என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. இனெஸுக்கு இருபத்தைந்து வயது. படகு கட்டும் குடும்பத்துப் பெண். ஏழு வயதிலேயே கோழிக்குஞ்சுகளை வரிசையில் நிறுத்திப் பாடம் நடத்தியவள், அவை அசைந்தால் அதட்டியவள். பயிற்சி முடித்து வந்து மூன்று வருஷமாகத் தற்காலிக டீச்சர். எங்களை ஆளும் பெரிய தீவான கிரெனடாவிலிருந்து கல்வி அதிகாரி வருவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்தைப் பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவர் பார்க்கப் போகிற பாடம் 'நம் கரீபியப் பண்பாடு'. அதுவரை எங்கள் பிள்ளைகள் இங்கிலாந்து ஆறுகளின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்; எங்கள் தீவிலோ ஆறே கிடையாது. புதுப் பாடத்தோடு, எப்படிக் கற்பிப்பது என்று பத்து யோசனைகள் கொண்ட சுற்றறிக்கையும் வந்தது. தென்னை மரத்துக்கு வண்ணம் தீட்டுக. காகிதத்தில் முகமூடி செய்க. ஜாதிக்காய் ஜாம் ருசி பார்க்க. தென்னை மரத்தடியில் பிறந்து அதன் மேலேயே வளர்ந்த பிள்ளைக்கு வண்ணத் தென்னையைக் காட்டுவானேன்? எழுதியவர் எந்த நாற்காலியை விட்டும் எழுந்தவராகத் தெரியவில்லை. இனெஸ் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

அவள் கொடுத்த வீட்டுப்பாடம் ஒரே ஒரு கேள்வி. "உங்க வீடு எந்த நேஷன்?"

நேஷன் என்றால் எங்கள் ஊரில் கொடியும் பாஸ்போர்ட்டும் அல்ல. கப்பலில் விலங்கு மாட்டி இழுத்துவரப்பட்ட முப்பாட்டன் எந்த மக்களைச் சேர்ந்தவன் என்பதுதான் நேஷன். இபோ, க்ரோமாந்தி, மாண்டிங், தெம்னே, காங்கோ, மோக்கோ, சாம்பா. தகப்பன் வழியில் வரும். பேரைப் பிடுங்கினார்கள், பாஷையைப் பிடுங்கினார்கள், இதை மட்டும் பிடுங்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம், தனி ஆட்டம். முன்னோரை அழைக்கும் சடங்கான பெரிய மேளத்தில் உன் தாளம் வந்தால் நீ எழுந்து ஆட வேண்டும்.

திங்கட்கிழமை முப்பத்தொரு பிள்ளைகளும் விடையோடு வந்தார்கள். இரண்டு பேர் யார் நேஷன் ஒசத்தி என்று சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். ஒரு தாய், தன் பையன் தாய் வழியைச் சொல்லிவிட்டான், தகப்பன் வழி காங்கோவாக்கும் என்று சமையல் கரண்டியோடு ஓடி வந்து திருத்திவிட்டுப் போனாள். இனெஸ் பழுப்புக் காகிதத்தில் ஏழு கட்டம் போட்டு எல்லார் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பெயர் மட்டும் போதுமா? தாளம் வேண்டாமா? படகுத் தச்சர் லம்பர்ட் அலெக்ஸியிடம் போனாள். மூன்று மேளங்களில் நடு மேளம் அவருடையது. அவர் விரல் பட்டால் கிழவிகளுக்கும் முழங்கால் வலி மறந்துபோகும். அவர் சம்மதித்தார். தலைமையாசிரியர் பிரிஸ்டல்தான் பிடி கொடுக்கவில்லை. வாரம் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போடுகிற மனிதர். மேளக்காரர்கள் ஆரம்பிக்கும்முன் தரையில் ரம் தெளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு சொட்டு ரம் பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது என்றார். தண்ணீர் தெளிப்பதாகப் பேசி முடித்தாள் இனெஸ்.

இன்னொன்றையும் அவள் குறைத்துக்கொண்டாள், அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மேளம் எடுத்ததும் நேஷன் தாளத்தில் ஆரம்பிக்காது. மேளத்துக்கு ஏற்பாடு செய்த வீட்டார் முதலில் நடுவில் முட்டி போட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்னோரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வரப்போகிற அதிகாரி திபூ தேவாலயத்தில் மூப்பர், இதையெல்லாம் மூட நம்பிக்கை என்பார் என்று கேள்வி. பாடக் குறிப்பில் அந்த வரியை இனெஸ் கோடு போட்டு அடித்தாள். பின்னாளில் மறந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தாள். மறக்கவில்லை, பயந்தாள்.

அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் கோப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. வாசலில் பிரிஸ்டல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இனெஸ் காகிதத்தைக் காட்டிப் பேசினாள், பிள்ளைகள் டாண் டாண் என்று பதில் சொன்னார்கள். தண்ணீர் தெளித்தாயிற்று. அவள் லம்பர்ட்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

லம்பர்ட் மேளத்தின் மேல் கையை வைத்தார், எடுத்துவிட்டார். பக்கத்து மேளக்காரர் இருவரும் அவரைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"என்ன மாமா?" என்றாள் இனெஸ், மெல்ல.

"இன்னும் யாரும் மன்னிப்பு கேக்கலியே புள்ள. வெளிய காத்துக்கிட்டு நிக்கிற நம்ம முன்னோர உள்ள கூப்பிடாம நான் எப்படி அடிக்கிறது? கை வரல."

நேரமில்லை என்றாள் அவள். அவர் காத்திருப்பதாகச் சொன்னார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கோப்பில் ஏதோ எழுதினார். எழுதுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. முட்டி போட்டால் இவர் முகம் சுளிப்பார், வேலை போகும். போடாவிட்டால் மேளம் பேசாது, பாடம் பாதியில் நிற்கும், அப்போதும் வேலை போகும். எப்படியும் போகிற வேலைதான் என்று தோன்றியதும் அவளுக்கு ஒருவிதத் தெம்பு வந்தது. தன் தகப்பனும் பாட்டனும் இந்த மேளத்துக்கு முன்னால் முட்டி போட்டவர்கள், அதில் அவர்கள் ஒருநாளும் குறைந்துபோகவில்லை. தான் மட்டும் எந்த மகாராணி? செருப்பைக் கழற்றினாள். சிமெண்ட் தரையில், முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அதிகாரிக்கும் முன்னால், முட்டி போட்டாள்.

எங்கள் பள்ளிகளில் முட்டி போடுவது தண்டனை. இனெஸே எத்தனையோ பேரை மூலையில் முட்டி போட வைத்திருக்கிறாள். பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். முன்வரிசை டாஃப்னி, வாயை மூடி வைக்கத் தெரியாத பெண், எழுந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

"நம்ம ஆளுங்கள நெனச்சு வெக்கப்பட்டுட்டேன் டாஃப்னி. அவங்கள வெளியவே நிக்க வெச்சுட்டேன். அதான் மன்னிப்பு கேக்குறேன்."

டாஃப்னி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வந்து டீச்சர் பக்கத்தில் முட்டி போட்டாள். பின்னாலேயே அவள் பெஞ்சு வந்தது, அடுத்த பெஞ்சு வந்தது. சட்டை கிழித்துக்கொண்ட இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி முட்டி போட்டார்கள். மொத்த வகுப்பும் தரைக்கு வந்த பிறகு லம்பர்ட் அடித்தார்.

அப்புறம் நடந்ததை ஊரே சொல்லும். முதலில் க்ரோமாந்தி, பிறகு இபோ, ஒவ்வொரு தாளத்துக்கும் அந்தந்தப் பிள்ளைகள் நடுவுக்கு வந்து ஆடினார்கள். ஜன்னலில் மீன்காரிகள் கூடையோடு நின்றார்கள். காங்கோ தாளம் வந்தபோது பிரிஸ்டலின் வலது கால் தட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு. அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. திபூ பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார்.

மேளம் நின்றதும் டாஃப்னி நேராக அவரிடம் போய், "சார், நீங்க எந்த நேஷன்?" என்றாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியாதும்மா."

"வீட்ல கேட்டு எழுதிட்டு வாங்க சார். எங்களுக்கு மூணு நாள்தான் டீச்சர் குடுத்தாங்க. நீங்க தூரத்துலேர்ந்து வர்றீங்க, கூட எடுத்துக்கலாம்."

வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போனார். பிரிஸ்டல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "ஏம்மா இனெஸ், நல்லா இருந்த வேலைய நீயே முட்டி போட்டு வழியனுப்பிட்டியே" என்றார். இனெஸ் அன்று வீட்டுக்குப் போய்ப் பயிற்சிப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினாள். அழுகை வரவில்லை. வேலை போனாலும் இந்தப் பாடம் என்னுடையது என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்துத் தபால் வந்தது. அறிக்கையின் முதல் பக்கம் முழுக்கக் குறைதான். பாடம் குறித்த நேரத்தைவிட இருபது நிமிஷம் நீண்டது. சுற்றறிக்கையின் யோசனை ஒன்றுகூடப் பின்பற்றப்படவில்லை. சத்தம் அதிகம். கடைசி வரி: நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன். இனெஸ் அந்த வரியை மூன்று முறை படித்தாள், பிரிஸ்டல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது முறை படித்தார். உறைக்குள் இன்னொரு காகிதம் மடித்திருந்தது. மேலே, 'நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு'.

அவள் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தாள். அப்பாவின் அக்கா மட்டும்தான் உயிரோடு இருக்கிறார், எண்பத்துமூன்று வயது, அவரைப் போய்க் கேட்டேன் என்று எழுதியிருந்தார் திபூ. கேட்டதும் அத்தை அழுதாராம். எனக்குத் தெரியும், எப்போதும் தெரியும், ஆனால் இத்தனை வருஷத்தில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட என்னைக் கேட்டதில்லையே என்றாராம். அதன் கீழே ஒரே வரி: நாங்கள் மாண்டிங்.

மாண்டிங் கட்டத்து ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் டாஃப்னியும் ஒருத்தி.

"அப்ப அவரு எங்க ஆளு டீச்சர்" என்றாள் அவள். "அடுத்த தடவ வரும்போது பெஞ்சுல உக்காரக் கூடாது, எங்களோட முட்டி போடணும்னு எழுதிருங்க."

இனெஸ் அப்படியே எழுதினாள், ஒரு சொல் மாற்றாமல்.