பட்டியலுக்குச் சொந்தக்காரன் சுரேந்தரு

அன்னூர்லிருந்து அவிநாசி போற ரோட்டுல ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. எறநூத்தி நாப்பது பேரு அங்க வேல செய்யறாங்க. சுரேந்தரும் அங்கதான் இருக்கறான். வேல செய்யறான்னு சொல்றதுக்கு வாய் வரமாட்டேங்குது. இருக்கறான், அவ்வளவுதான்.

அவனுக்கு சிஸ்டம் இன்சார்ஜுன்னு பேரு. ஒரு ஏ.சி. ரூமு, அதுக்குள்ள சர்வரு, அது பக்கத்துல இவன். அந்த ரூம்ல அடிக்கற குளுருக்கு ஊட்டிக்காரனே கம்பளி கேப்பான். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கதவத் தட்டுனா, தூங்குன மூஞ்சியோட வந்து, "அப்டேட் ஓடுது, தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு சொல்லுவான். ஆறு வருசமா அப்டேட்டு ஓடுது. அந்த ஓட்டத்துக்கு அது இந்நேரம் இமயமலையத் தாண்டியிருக்கோணும்.

அவங்கிட்ட ஒரு பட்டியல் இருக்குது. டைரக்டரின்னு சொல்லுவாங்க. கம்பெனில இருக்கற அத்தன பேரோட பேரும் பாஸ்வேர்டும் அதுக்குள்ளதான். காலைல கம்ப்யூட்டரத் தெறந்தா அது நேரா அந்தப் பட்டியலக் கேக்கும், "இவன் நம்மாளா?"ன்னு. ஆமான்னா கதவு தெறக்கும். இல்லீன்னா அப்பிடியே திரும்பிப் போவேண்டியதுதான். அந்தப் பட்டியல எழுதுனது சுரேந்தரு. எழுதுனதென்னமோ பெரம்மா எழுதுன மாதிரி ஒரு நெனப்பு. ஸ்டோர்ஸ் வேங்கடசாமி பாஸ்வேர்ட மறந்து போயி நின்னா, "உங்க தலையெழுத்தே எங்கையில"ன்னு சொல்லித்தான் மாத்திக் குடுப்பான்.

இப்பத்தான் முதலாளி பாலகோபால் ஒரு காரியம் ஆரம்பிச்சாரு. லீவுச் சீட்டெல்லாம் இனி காயிதத்துல வேண்டாம், கம்ப்யூட்டர்லயே போடோணும். ஆர்.எஸ்.புரத்துல ஒரு சின்னக் கம்பெனி, அங்கிருந்து லோகப்பிரியான்னு ஒரு புள்ள அதச் செஞ்சு குடுக்க வந்துச்சு. முதலாளி ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாரு. அதுக்குன்னு தனியா ஒரு பாஸ்வேர்டு வேண்டாம், ஆரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. கம்ப்யூட்டரத் தெறக்கற அதே பேரு, அதே பாஸ்வேர்டுலதான் இதும் தெறக்கோணும்.

அப்பறம் சுரேந்தரப் பாத்துச் சொன்னாரு. "திங்கக்கெழம இது ஓடுச்சுன்னா நீதான் ஐ.டி. மேனேஜரு. ஓடலீன்னா சென்னைலிருந்து ஆள எறக்கிப்போடுவேன், பாத்துக்க."

அவ்வளவுதான். அன்னைக்கு சாயங்காலமே அவம்பொண்டாட்டி நித்யஸ்ரீ போனெடுத்தா. ராத்திரிச் சோறு திங்கறதுக்குள்ள மூணு ஊரு ஒறம்பரைச் சனத்துக்கும் தெரிஞ்சுபோச்சு, மாப்பள மேனேஜராயிட்டாருன்னு. மாமனாரு ஊட்டுலிருந்து சட்டைத்துணி வந்துருச்சு. இனி ஓடலீன்னா சுரேந்தரு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

லோகப்பிரியா வந்து உக்காந்து பட்டியலப் பாத்துச்சு. பாக்கப் பாக்க அந்தப் புள்ளைக்குக் கண்ணு ரெண்டும் பணியாரமாட்ட ஆயிருச்சு.

"ஏனுங்ண்ணா, ஒவ்வொருத்தருக்கும் மேல ஆருங்கற கட்டம் இருக்குதில்லீங்க, அது சரியா இருக்குதுங்களா? லீவு அதப் பாத்துத்தானுங்க போகும்."

"அம்மணி, ஆறு வருசமா ஒரு ஓட்ட ஒடசல் இல்லாம நிக்கற பட்டியலு. நீ இணைச்சு மட்டும் உடு."

"இல்லீங்ண்ணா, வார்ப்புச் செட்டுல அறுவது பேருக்கு மேல ராமாமணி அம்மான்னு போட்டிருக்குதுங்களே? முதலாளியோட அம்மாதானுங்களே அவங்க?"

"முதலாளியம்மா மேல இல்லாம கீழயா இருப்பாங்க? உங்க காலேஜுல மரியாதை சொல்லித்தரமாட்டாங்களா?"

அந்தப் புள்ள "நான் கேட்டனுங்க, அவரு சரின்னு சொல்லிட்டாருங்க"ன்னு முதலாளிக்கு ஒரு மெயிலத் தட்டிப்போட்டு, இணைச்சு உட்டுருச்சு.

அந்தக் கட்டத்தோட கதை இதுதான். அந்தக் கம்பெனில ஆரும் சும்மா வந்து சேந்தர முடியாது. ஆராச்சும் ஒருத்தரு, "இவன் நம்மாளுங்க, நான் பொறுப்பு"ன்னு சொல்லோணும். கேட்டுல வாட்ச்மேன் கூட மொதல்ல "நீ ஆரு ஆளு?"ன்னுதான் கேப்பாரு. சுரேந்தரு பட்டியல எழுதறப்ப, "இவனுக்கு மேல ஆரு?"ன்னு கம்ப்யூட்டரு கேட்டுச்சு. ஒரு நிமிசம் கூட ரோசன பண்ணல, அவன ஆரு கொண்டாந்து சேத்துனாங்களோ அவங்க பேரப் போட்டு உட்டுட்டான். எறநூத்தி நாப்பது பேருக்கும் அப்பிடித்தான். கம்ப்யூட்டரத் தெறக்கறதுக்கு அந்தக் கட்டம் தேவையில்லீங்காட்டி ஆறு வருசமா எவன் கண்ணுலயும் படல.

திங்கக்கெழம காலைல வேங்கடசாமி மொத ஆளாப் போயி பேரு போட்டாரு, பாஸ்வேர்டு போட்டாரு. கதவு தெறந்துச்சு. அத்தன பேரும் கை தட்டுனாங்க. சுரேந்தருக்கு நெஞ்சு விரிஞ்ச விரிப்புல சட்டப் பொத்தான் ரெண்டு தெறிச்சு மிசின் சந்துல உளுந்துச்சுன்னாப் பாத்துக்குங்க. வேங்கடசாமி கையோட ஒரு லீவும் போட்டாரு. மாமியாருக்கு ஒடம்பு முடியல, ரெண்டு நாளு.

பத்து நிமிசத்துல அவரு போனு அடிச்சுது. ராமாமணி அம்மா. அவரையும் கொண்டாந்து சேத்துனது அவங்கதான். எழுபத்தெட்டு வயசு. கம்பெனில டைரக்டருன்னு பேருக்கு இருக்கறவங்க. மருமவ டேப்ல போட்டுக் குடுத்துட்டா, ஊட்டு ஊஞ்சல்ல உக்காந்துட்டே வந்ததெல்லாம் பாக்கறாங்க.

"ஏப்பா வேங்கடசாமி, உன்ற மாமியாளுக்கு முடியலியா?"

"ஆமாங்கம்மா, படுத்த படுக்கைங்க."

"நேத்து சாயங்காலம் பட்டுச்சேலக் கடைல எம்பக்கத்துலதானே உக்காந்திருந்தா? நாப்பது சேலையப் பிரிச்சுப் போட வெச்சு, ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சுப் போனாளே! படுத்துட்டே வந்தாளா?"

வேங்கடசாமி போன வெச்சுப்போட்டு, லீவையும் எடுத்துப்போட்டு, ஸ்டோருக்குள்ள போயி பேரிங்கு எண்ண ஆரம்பிச்சவருதான். அன்னைக்குப் பூரா தலையத் தூக்கல.

அக்கட்டால புரொடக்சன் மேனேஜரு. பெரிய மனுசன், கோட்டு போடற ஆளு. அவரு போட்ட லீவு லேத்து ஓட்டற நஞ்சுண்டங்கிட்டப் போயி நிக்குது. ஏன்னா இருவது வருசத்துக்கு முன்னால அவரக் கூட்டியாந்து சேத்துனது நஞ்சுண்டந்தான். நஞ்சுண்டன் எண்ணெய்க் கையத் தொடச்சுட்டு மேனேஜரு ரூமுக்கே போயிட்டாரு.

"ஏனுங் சார், போன நோம்பிக்கு நான் லீவு கேட்டப்ப 'ஆளில்ல'ன்னு சொன்னீங்ளே, இப்ப மட்டும் ஆளு இருக்குதுங்ளா?"

மத்தியானத்துக்குள்ள கம்பெனியே தலகீழாப் போச்சு. முதலாளி சுரேந்தரக் கூப்புட்டாரு. அவரு மேசைல பட்டியல் தெறந்து கெடக்குது. கத்தறதுக்குத்தான் கூப்புட்டாரு, ஆனா அவரு கண்ணு ஒரு வரில போயி நின்னுபோச்சு.

"சுரேந்தரு, உம்பேருக்கு மேல எம்பேரு இருக்குது. நான் எப்பப்பா உன்னக் கூட்டியாந்தேன்?"

சுரேந்தரு ஏ.சி.யப் பாத்தான், மேசையப் பாத்தான், அவங்காலையே பாத்தான். எறநூத்தி முப்பத்தொம்பது பேருக்கு உள்ளத உள்ளபடி எழுதுனவன், தனக்கு மட்டும் பொய்ய எழுதிப்போட்டான். மத்தவங்களப் பாத்து, "நீங்கெல்லாம் ஆள் புடிச்சு வந்தவீங்க, நான் மூளையக் காட்டி வந்தவன்"னு சொல்லிட்டே திரிஞ்ச வாயி அது.

அப்பத்தான் ராமாமணி அம்மா காருல வந்து எறங்குனாங்க. சுரேந்தரு வேல போச்சுன்னே முடிவு பண்ணிட்டான்.

"பாலா, இத மாத்தாத. ஒரு நாள்ல பதினேழு பேரு லீவு கேட்டான், பதிமூணு பேரு நாங் கூப்புட்டுக் கேட்டதும் எடுத்துப்போட்டான். கூட்டியாந்தவங்கிட்டப் பொய் சொல்ல எவனுக்கும் வாய் வராது. இந்தப் பையன் நல்லா ரோசன பண்ணித்தான் செஞ்சிருக்கறான்."

சுரேந்தரு ஒடனே, "ஆமாங்கம்மா, ரோசன பண்ணித்தானுங்க"ன்னான். வெக்கங்கெட்ட பய. அந்த நொடில கூட அவனுக்கு நாக்குக் கூசல.

அம்மா சொன்னத மீறி முதலாளி ஒரு நாளும் நடந்ததில்ல. "சரி, நீயே மேனேஜரு"ன்னுட்டாரு.

அந்தம்மா போறப்ப சுரேந்தரு பக்கத்துல நின்னு, மெல்ல, மொகத்துல சிரிப்பு மாறாமச் சொன்னாங்க. "கண்ணு, உன்ற கட்டத்தையும் சரி பண்ணிப்போடு. மூணு பாடத்துல பெயிலாயி நின்னவன, ஆயுத பூசையன்னைக்கு எங்கையப் புடிச்சுக் கேட்டுச் சேத்துனது வெங்கடலட்சுமி. உன்ற சின்னம்மா. சாயங்காலம் பாப்பேன்."

வெங்கடலட்சுமி கேண்டீன்ல சாம்பார் ஊத்தற அம்மா. ஆறு வருசமா சுரேந்தரு அவங்கள "கேண்டீன்காரம்மா"ன்னுதான் கூப்புடுவான். சின்னம்மான்னு ஒரு தடவ கூட வாயத் தெறந்ததில்ல. அவங்களும் ஒண்ணும் சொன்னதில்ல. எல்லாத்துக்கும் ஒண்ணுன்னா அவன் தட்டுல மட்டும் ஒரு வடை எச்சா உளும்.

சாயங்காலம் கட்டத்துல அவங்க பேர மாத்திப்போட்டு, போயி அவங்க போன வாங்குனான், அதுல லீவுப் பக்கத்தப் போட்டுக் குடுத்தான்.

"எதுக்கு சாமி எனக்கு இதெல்லாம்?"

"சும்மாங்க. எல்லாத்துக்கும் குடுக்கறாங்க."

"உன்ற லீவு எங்கிட்ட வருமா?" பாத்தொடனே கண்டுபுடிச்சுட்டாங்க. மொகமெல்லாம் பல்லு. "நீ போடு சாமி, போட்ட கையோட குடுத்துப்போடறேன். எங்கக்கா மவன் மகராசன், எங்கிட்டத்தான் லீவு கேக்கறான்னு கேண்டீன்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் மறுசோலி."

சொன்னதச் செய்யற ஆளுதான் அவங்க. சுரேந்தருக்கும் அது தெரியும்.

நாலு மாசமாச்சு. ஐ.டி. மேனேஜரு ஒரே ஒரு நாள் கூட லீவு போடல. நூத்திமூணு டிகிரி காச்சல்ல, ஏ.சி.யக் கூட நிறுத்தாம நடுங்கிட்டே உக்காந்திருந்தான். மச்சினன் கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டற நேரத்துக்கு மட்டும் நின்னுட்டு, எலைல உக்காராம ஓடியாந்துட்டான். நித்யஸ்ரீ மூணு நாளு பேசல. மாமனாரு மட்டும் மூணு ஊருக்கும் சொல்லிட்டுத் திரியறாரு, "எம் மாப்பள இல்லீன்னா அந்தக் கம்பெனி ஒரு நாளு ஓடாதுங்க"ன்னு.