பன்னிரண்டு பாயிண்ட், பத்துப் பக்கம்

நிதி விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிற என் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊரில் நடக்கிற எந்த நல்ல காரியமும் கேட்ட பக்கத்துக்குள் அடங்காது. பூந்தமல்லியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரே ஒரு விண்ணப்பம் என்னைப் படுத்திய பாடு இது.

எல்லாப் பிள்ளையும்

மாங்காட்டில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்து, நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறார் ஸ்டெல்லா அக்கா. பயிற்சி கொடுக்கிற பிரேமாவின் சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்த உதவி நிற்கப்போகிறது. புது உதவி கிடைக்காவிட்டால் பிரேமா வேறு வேலைக்குப் போயாக வேண்டும், பயிற்சியும் நின்றுவிடும். ஓர் அறக்கட்டளை விண்ணப்பம் கேட்டிருந்தது. பத்துப் பக்கம், எழுத்து பன்னிரண்டு பாயிண்ட், சுற்றிலும் ஓர் அங்குலம் இடம்.

அக்கா கொண்டுவந்தது பதினாறு பக்கம், ஒவ்வொரு பிள்ளையின் கதையும் சேர்த்து. கொஞ்சம் வெட்டலாமே என்றேன். என் முகத்தையே பார்த்தார். "இருபத்துமூணு பிள்ளைங்க தம்பி. யாரை விடட்டும், நீயே சொல்லு."

என் சாமர்த்தியம்

யாரையும் விட வேண்டியதில்லை. எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. எழுத்தை ஒன்பதுக்கு இறக்கினேன், வரிகளை நெருக்கினேன், ஓரத்தை அரை அங்குலமாக்கினேன். கச்சிதமாகப் பத்துப் பக்கம். நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

அனுப்பிய நான்காம் நாள் மெயில் வந்தது. எழுத்தளவு விதிப்படி இல்லாததால் படிக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் திருத்தி அனுப்பினால் பார்ப்பார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மையத்தின் வேன் ஓட்டுகிற தாஸ், விண்ணப்பத்தை வாங்கிக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, எறும்புக்கு எழுதினா மாதிரி கீது. கூடவே ஒரு கண்ணாடியும் வெச்சி அனுப்பிருக்கலாம்ல."

ஒல்லி எழுத்து

பட்டும் புத்தி வரவில்லை. அளவு சொன்னார்களே தவிர, எந்த எழுத்துரு என்று சொல்லவில்லை. பன்னிரண்டு பாயிண்டிலேயே ஒல்லியாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஓர் எழுத்துருவைத் தேடிப் பிடித்தேன். மறுபடி பத்துப் பக்கம். படித்துப் பார்க்கச் சொல்லி பிரேமாவிடம் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டார். "தினம் இந்தப் பிள்ளைங்க காலைப் பிடிச்சு நடக்க வைக்கிறேன் சார். எனக்கே எது யாருன்னு தெரியல."

வெள்ளிக்கிழமை காலை

வேறு வழியில்லை. பிள்ளைகளை விட வந்த அம்மாக்களிடம் அக்காவே சொன்னார்: ஒரு பிள்ளையின் கதைதான் முழுசாக வரும், மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வரி. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கிற செல்வி, மகனை இடுப்பிலிருந்து இறக்காமலே பேசினாள். "எங்க புள்ளைய ரெண்டு வரில எழுதுக்கா. எழுதாட்டியும் பரவால்ல. பிரேமா மேடம் இங்கியே இருந்தா போதும்."

பார்க்க வந்தவர்

எட்டே பக்கம், நல்ல இடைவெளி விட்டு, நாலரைக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா மாங்காட்டுக்கே வந்தார். பிரேமாவின் சம்பளம் இரண்டு வருஷத்துக்கு உறுதி என்று வந்ததும் சொல்லிவிட்டார். பிரேமா சுவரோரம் போய் நின்று அழுதார்.

வந்தவர் பையிலிருந்து எங்கள் விண்ணப்பத்தை எடுத்தார். இரண்டிரண்டு வரிகளாக இருந்த பக்கத்தைப் பிரித்து, நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவங்க ஒவ்வொருத்தரைப் பத்தியும் சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல."

எழுத்தைச் சின்னதாக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும், எழுதியதைச் சின்னதாக்கத்தான் இத்தனை பேர் வேண்டியிருந்தது.