மியூரியல் லார்வுட் பார்த்த நாய்

எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்த எல்லோருடைய தட்டிலும் மியூரியல் லார்வுட் கையால் உருளைக்கிழங்கு மசியல் விழுந்திருக்கிறது. கரண்டியைத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு, அடுத்த பிள்ளை, மறுபடி ஒரு தட்டு. இந்தக் கோடையில் நான் படிப்பை முடித்துவிட்டு வெளியே வரும்வரை அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வேலை முடிந்தாலும் வீட்டுக்கு நேராகப் போகமாட்டார். கடலைத் தடுக்கும் கூழாங்கல் கரை மேல் வடக்கே போவார், திரும்புவார், மறுபடி போவார்.

பிள்ளைகள் அவரைப் பார்த்துக் குரைப்பார்கள். காரணம் ஊருக்கே தெரியும். சில வருடங்களுக்கு முன் டிசம்பரில், மாலையிலேயே இருட்டிவிட்ட ஒரு நாள், அந்தக் கரை மேல் அவர் ஷக்கைப் பார்த்தார். எங்கள் கடற்கரையில் ஷக் என்றால் கன்றுக்குட்டி அளவு கறுப்புப் பேய் நாய், விளக்கு மாதிரி கண்; கண்டால் கேடு வரும் என்பார்கள். பார்த்தவர் வீட்டுக்குள் ஓடி ஒளியவில்லை. தெரு முழுக்கக் கதவைத் தட்டி "ஷக்! ஷக்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எல்லோரும் ஏற்கெனவே வெளியே இருந்ததால் ஓடித் தப்பினார்கள், தெருவில் யாரும் சாகவில்லை. ஆனால், அன்று பள்ளியின் கிறிஸ்துமஸ் விருந்தில் மியூரியல் ஜின் குடித்திருந்தார் என்று யாரோ சொன்னார்கள். வெள்ளம் வடிந்துவிட்டது. அந்தப் பேச்சு வடியவில்லை.

இந்த வருடம் கெம்ப்ஸன் ஒரு வானொலி நாடகம் எழுதினார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஊர் மண்டபத்தில் நடக்கிற எதுவும் அவரில்லாமல் நடக்காது. விக்டோரியா ராணி காலத்துக் கதை. லண்டனிலிருந்து தார்ப் என்ற துப்பறிவாளர் ரயிலேறி வருகிறார். கரையில் ஒரு பிணம், பக்கத்தில் ராட்சதக் கால்தடம். கடைசியில் ஷக் என்பது கடத்தல்காரன் ஒருவன் கழுத்தில் லாந்தர் கட்டி ஓட்டிய கழுதை என்று தார்ப் கண்டுபிடிக்கிறார். அதற்கு முன் விடுதிக்காரி மிஸஸ் பிளாயை அவர் மடக்க வேண்டும். ஷக்கைப் பார்த்ததாகச் சொன்ன அவள், "ஜின் குடிச்சிருந்தேன் ஐயா. நான் எதையும் பாக்கல" என்று அழ வேண்டும்.

கெம்ப்ஸன் பள்ளிச் சமையலறை வாசலுக்கே வந்தார். "இந்த வேஷத்துக்கு உங்களை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா, மியூரியல்?" என்று சிரித்தார்.

மியூரியல் கையைத் துடைத்துக்கொண்டு சரி என்றார். அவர் கணவர் கிளைவ், நண்டு பிடிக்கிறவர், அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கு என்ன பைத்தியமா மியூ? ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன செய்யுது? நானே ஒரு தடவை மைக்குல சொல்லிட்டா விட்டுடுவாங்க."

எனக்கு விடுதிப் பணிப்பெண் வேஷம், அதனால் அவருக்குப் பக்கத்திலேயே நிற்பேன். ஒத்திகையில் அந்த வரியை ஒழுங்காகத்தான் சொன்னார். ஆனால் வாரம் போகப் போக நிலைகொள்ளாமல் ஆனார். யாராவது உட்காரப் போகிற நாற்காலியை எடுத்து அடுக்குவார். கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவுவார்.

கடைசி ஒத்திகையில் கெம்ப்ஸன் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் அழுகை வேணும். கேக்கறவங்க நம்பணும்."

"எதை?"

"நீங்க பாக்கலங்கறதை."

மியூரியல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

எங்கள் வட்டார வானொலி நிலையம் நாடகத்தை வியாழக்கிழமை மாலை மண்டபத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பியது. தேங்காய்ச் சிரட்டைகள் குதிரைகளாக ஓடின. கூழாங்கல் தட்டில் பூட்ஸ் காலால் மிதித்துத் தார்ப் கரையில் நடந்தார். தார்ப்பாக நடித்ததும் கெம்ப்ஸன்தான். மிஸஸ் பிளாயின் கட்டம் வந்தது.

"அன்னிக்குச் சாயங்காலம் எத்தனை கோப்பை குடிச்சே, பொம்பளே?"

"நாலு, ஐயா" என்பது வரி. மியூரியல் கையிலிருந்த தாள் கீழே இறங்கியது.

"ஒண்ணு. டீ."

கெம்ப்ஸன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "டீயில என்ன கலந்திருந்தது?"

"பாலு."

தேநீர்ப் பாத்திரத்தருகே இருந்த கிளைவ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருட்டுல ஏதாவது கழுதையைப் பாத்திருப்பே!"

"கழுதை எனக்குத் தெரியும் ஐயா. எங்க பெரியப்பா கடற்கரையில கழுதைச் சவாரி விட்டவரு. இது நாய். கடலைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் அவ்வளவு கிட்ட வந்தும் திரும்பல. அது நடுங்குச்சு. அவ்வளவு பெரிய உடம்பு, வாலை ஒடுக்கிக்கிட்டு நடுங்குச்சு. அதைப் பாத்துத்தான் நான் ஓடினேன்."

கெம்ப்ஸன் முகம் சிவந்துவிட்டது. அடுத்து அவர் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை.

"நீ எதையும் பாக்கலன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு!"

"பாத்தேன்."

பிறகு கெம்ப்ஸன் என் பக்கம் திரும்பி, "பணிப்பெண்ணே, என் கோட்டு!" என்று கத்தினார். நான் "இதோ ஐயா" என்றேன். நாடகம் எப்படியோ ஓடி முடிந்தது. கழுதை பிடிபட்டது. நாய் பிடிபடவில்லை.

ஒலிபரப்பு விளக்கு அணைந்ததும் கெம்ப்ஸன் பாய்ந்து வந்தார். "ஒரு வரி! அதுக்காகத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

"தெரியும். சொல்லிடலாம்னுதான் வந்தேன். வாய் வரல."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மியூரியல் முன்னால் நடந்தார். கிளைவ் பின்னாலேயே ஓடினார். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான்.

"நடுங்குச்சுன்னு எங்கிட்டகூடச் சொன்னதில்லையே?" என்றார் கிளைவ்.

"நீ எங்க கேட்டே? எவ்வளவு குடிச்சேன்னுதான் கேட்டே."



ஞாயிற்றுக்கிழமை மறு ஒலிபரப்பு. அதற்குள் அந்தக் கட்டத்தை மறுபடி பதிவு செய்ய கெம்ப்ஸன் கூப்பிட்டார், மியூரியல் போகவில்லை. கெம்ப்ஸன் தன் மனைவியைப் பேச வைத்து ஒட்டிவிட்டார். அந்த அம்மாள் லண்டன்காரர். அதுவரை எங்கள் ஊர்ப் பேச்சில் இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்த விடுதிக்காரி, திடீரென்று சீமாட்டிக் குரலில் "நான் எதையும் பார்க்கவில்லை" என்றாள். அடுத்த காட்சியில் மறுபடி எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

வியாழக்கிழமை கேட்காதவர்களுக்கெல்லாம் இப்போது ஒரே கேள்வி: வெட்டி எடுத்தது என்ன? கெம்ப்ஸனிடம் கேட்டார்கள். அவர் நாய்க்குப் பதில் வானிலையைப் பற்றிப் பேசினார்.

திங்கட்கிழமை மீன் வறுவல் கடையில் நான் வரிசையில் நின்றபோது மியூரியல் உள்ளே வந்தார். கடைக்காரர் டெனிஸும் வெள்ளத்தன்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர்களில் ஒருவர்தான். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மியூரியல், அன்னிக்கு நெசமா என்னதான் பாத்தே? முழுசாச் சொல்லேன்."

யாரும் சிரிக்கவில்லை. மியூரியல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஜன்னலோர நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காத்து வடக்கேருந்து அடிச்சுது" என்று ஆரம்பித்தார். டெனிஸ் அடுப்பைக் குறைத்தார்.