அப்பாவை ரீல் போட்ட நாள்

நான் வரைவது பெரும்பாலும் செத்தவர்களை. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஆதார் அட்டையில் பேயறைந்த மாதிரி முழிக்கும் ஒரு முகம், இல்லாவிட்டால் யார் கல்யாணத்திலோ பந்தியில் வாயில் அப்பளத்தோடு மாட்டிக்கொண்ட ஒரு முகம். அதைப் போனில் அனுப்பிவிட்டு, "அப்பளத்தை எடுத்துட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, லேசா சிரிச்ச மாதிரி" என்பார்கள். எடுப்பேன், போடுவேன், சிரிக்க வைப்பேன். உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோவுக்குக் கூடச் சேர்ந்து நிற்காத புருஷன் பெண்டாட்டியை ஒரே தாளில் தோள் உரச உட்கார வைத்திருக்கிறேன்.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்பக்கம் எங்கள் ஃப்ளாட். மேல் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களை நடத்திக் கொடுப்பது அவள் உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க வந்தவள், "இவ்ளோ நல்லா வரையறீங்கக்கா, ஆனா உங்ககிட்ட கன்டென்ட்டே இல்லையே" என்றாள். வரைவதுதானே கன்டென்ட் என்று கேட்டேன். இல்லையாம், அது ப்ராடக்ட்டாம்.

பிறகு ஐடியாக்கள் கொட்டின. பென்சில் தாளில் உரசும் சத்தத்தை மட்டும் போடலாமாம். கெட்டுப்போன தாள்களைக் காட்டினால் ஜனங்களுக்கு நெருக்கமாக இருக்குமாம். முதலில் கண்ணை மட்டும் வரைந்துவிட்டு, 'இது யாரென்று சொல்லுங்கள்' என்று கேட்கலாமாம். "செத்தவங்களை வெச்சுப் புதிர் போடச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அசரவில்லை. ஓவியரின் ஒரு நாள் என்று காலையிலிருந்து எடுக்கலாமாம். என்னுடைய ஒரு நாள் என்றால் மோட்டார் போடுவது, அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது, காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்குவது. இதை எவன் பார்ப்பான் என்றேன். "அதெல்லாம்தான்க்கா ஓடும்" என்றாள்.

ஓடியது அது இல்லை, அழுகை. படத்தைத் துணியால் மூடிக்கொண்டுபோய், வீட்டார் முன்னால் துணியை விலக்குவதை அவள் சொல்லி எடுக்க ஆரம்பித்தோம். பல்லாவரத்தில் ஒரு மருமகள் மாமியார் படத்தைப் பார்த்துக் கதறியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு எந்தப் படம் போட்டாலும் கீழே ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, கைகூப்பும் பொம்மைகள். புல்லாங்குழல் பின்னணி ஒன்றை அந்தப் பெண் நிரந்தரமாக வைத்துவிட்டாள். ஆர்டர்கள் வந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவர்கள் அழும்போது நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்டதில்லை. படத்தின் கண்ணாடியில் ட்யூப்லைட் வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான். மரத்துப் போய்விட்டது. அம்மா போனபோது அம்மாவையும் நானே வரைந்தேன், ஒரே மூச்சில். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதில்தான் கவனம் இருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. அழாத பெண் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன்தான் என் தம்பி. ஜெர்மனியில் இருக்கிறான். கெட்டவன் இல்லை, லீவு கிடைக்காதவன். பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெண்டாட்டிக்கு வேலை மாற்றம், பனி, விசா, ஏதாவது ஒன்று. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் வாயின் இடது ஓரமும் இழுத்துக்கொண்டபோது வீடியோவில் பார்த்துவிட்டு, "நல்லா தேறிட்டு வரீங்கப்பா" என்றான். அப்பா அவனை வாவென்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது, "இப்ப அங்க மணி என்னம்மா?" என்று மட்டும் கேட்பார். சொல்வேன். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பார். அவன் ஒரு தடவை வந்து எதிரில் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை.

ஆடி மாதம் ஆர்டர் குறைந்தது. மாடிப் பெண் மறுபடி வந்தாள். "ஃபேமிலி கன்டென்ட் போடுங்கக்கா. அப்பாவை வரைங்க."

அப்பாவுக்குக் குஷி. பொட்டியைத் திறந்து கோடு போட்ட சட்டையை எடுத்து, விபூதி இட்டுக்கொண்டு பால்கனியில் வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு நிபந்தனை: வாய் கோணியிருப்பதால் வீடியோவில் தன் முகம் வரக்கூடாது. சரியென்று என் கையையும் தாளையும் மட்டும் எடுத்தோம். தாளில் வாயை நேராகவே வரைந்தேன், பழக்கம். முடித்ததும் அம்மா படத்துக்கு ஜோடி சேருமா என்று பார்க்க, கூடத்துக்குக் கொண்டுபோய் அம்மா பக்கத்தில் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். அம்மாவுக்குச் சந்தன மாலை, கீழே சிவப்பு விளக்கு. "சூப்பர் ஷாட்க்கா" என்று அந்தப் பெண் அதையும் எடுத்துக்கொண்டாள். வழக்கமான புல்லாங்குழல். தலைப்பு என்ன போட என்று கேட்டாள். 'அப்பா' என்று மட்டும் போடு என்றேன்.

மறுநாள் காலையில் அது ஏறியது. நான் போனை சைலன்ட்டில் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனேன், ஃப்ரேம் கடைக்கு. கடைக்கார பாய் என் படங்களுக்கெல்லாம் சட்டம் போடுகிறவர். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னாக்கா, இந்த நேரத்துல இங்க வந்துகினு கீறீங்க? வூட்ல யாரு பார்த்துக்கிறாங்க? நானே வரலாம்னு இருந்தேன். அப்பா படத்துக்கு நீங்க ஒரு பைசா தரக்கூடாது, தேக்குல போட்டுத் தரேன்."

"எந்த அப்பா பாய்?"

அவர் தன் போனை நீட்டினார். புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், போய்க்கொண்டே இருந்தது. நான் பார்த்தேன். மாலை போட்ட அம்மா, பக்கத்தில் அப்பா. யாரைக் குறை சொல்ல? நானே பார்த்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்ந்தால் வாசல் கொள்ளாமல் செருப்பு. அசோசியேஷன் செக்ரட்டரி ரோஜா மாலையோடு வந்து மணி அடிக்க, அப்பாவே தடியை ஊன்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறார். செக்ரட்டரி இன்னும் வெளிறிப் போய் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். மாலை அப்பா மடியில் இருந்தது. "நல்ல பூம்மா, வாடவே இல்லை" என்றார் என்னிடம். முகத்தின் ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாரையும் காபி கொடுத்து அனுப்பினேன். அப்பா என்னைப் போனை எடுத்து, யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கச் சொன்னார். தங்கமான மனுஷர் என்று ஒருவர், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என்று ஒருவர். "இவன் எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவான். இன்னிக்கு எழுதறான் பாரு!" என்று அப்பா தொடையைத் தட்டினார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போஸ்ட்டைத் தூக்கப் போனபோது அப்பா, "தம்பி பார்த்தானா?" என்று கேட்டார்.

அப்போதுதான் தம்பியின் தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். வரிசையாக இருந்தன. திருப்பிக் கூப்பிடுவதற்குள் அவனே வந்துவிட்டான்.

"அக்கா..." அதற்குமேல் பேச்சு வரவில்லை அவனுக்கு. சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். "டிக்கெட் போட்டுட்டேன்க்கா. நாளைக்குக் காலைல வந்துடுவேன். ஃப்ரீஸர் பாக்ஸ் சொல்லிட்டீங்களா? நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்கக்கா. அவர் முகத்தை நான் பார்க்கணும்."

"டேய், அப்பா இருக்கார்டா. நல்லா இருக்கார். அது சும்மா வரைஞ்ச படம்டா."

 அவன் மூச்சு விடுவது கேட்டது. அப்பாடா என்றான். உனக்கு அறிவிருக்கா என்று என்னைத் திட்டினான். நியாயம்தான். மூக்கைச் சிந்திக்கொண்டு கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான்.

"சரிக்கா, அப்ப டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன். இங்க லீவே இல்லை, சாவுன்னு சொல்லித்தான் வாங்கினேன். அடுத்த வருஷம் எல்லாருமா வரப் பார்க்கறோம்."

"அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

"சாயங்காலம் பேசறேன்க்கா. இப்பவே பண்ணாதான் முழுசா ரீஃபண்ட் வரும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா மாலையை மடியிலிருந்து எடுத்து டீப்பாய் மேல் வைத்திருந்தார்.

"தம்பியா?"

"ஆமாம்ப்பா."

"ரொம்ப அழுதானா? இங்க வரைக்கும் கேட்டுதே."

"ஆமாம்ப்பா. உடனே கிளம்பறேன்னு டிக்கெட் போட்டுட்டான்."

அப்பாவின் நல்ல கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. "எப்ப வரானாம்?"

"இல்லப்பா. நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லிட்டேன்."

 கோபம் இல்லை, அழுகை இல்லை. உப்பு போட மறந்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஏம்மா அவசரப்பட்ட? ஃப்ளைட் ஏறின பிறகு சொல்லியிருக்கலாமே."