வால்வு மூடிக்குக் கேட்ட மாவு

மலாயாவில் மந்தின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், எட்மண்ட் கட்டிய எஞ்சின் முனகாது என்று ஒரு பேச்சு இருந்தது. அதை அதிகம் பேசியவன் எட்மண்டுதான். தோட்டத்துப் பட்டறையில் எஞ்சின் பிரித்துப் பூட்டும் பிட்டர் அவன் ஒருவனே. தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

சண்டையில் வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய காரை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டும் வேலை எட்மண்டின் தலையில் விழுந்தது. வால்வுகளை அழுத்தும் இரும்புக் கைகள் தேய்ந்திருந்ததால், பழைய லாரி ஒன்றின் கைகளைக் கழற்றி இதில் மாட்டினான். அவை கொஞ்சம் உயரம். மேலே கவிழ்க்கும் தகர மூடியில் இடிக்குமா என்பது மூடிய பிறகு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பிசைந்த மாவை அந்தக் கைகளின்மேல் அப்பி, மூடியை முடுக்கி, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுத் திறக்க வேண்டும். மாவு நசுங்கியிருக்கும் கனத்தில் இடைவெளி தெரிந்துவிடும். களிமண் ஆகாது. ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் எஞ்சின் பாழ்.

ஜப்பான் அதிகாரியிடம் விளக்கிச் சொல்லி ஒரு டப்பா கோதுமை மாவு வாங்கினான். தோட்டமே மரவள்ளிக் கிழங்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். டப்பாவைத் திறந்து முகர்ந்தான், மூடினான், மறுபடி திறந்தான். வேலைக்கு ஒரு கைப்பிடி போதும், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் நினைத்தான். அந்தக் கைப்பிடியும் ஒரு ரொட்டியாகும் என்றது மனம். என் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியா என்றது தலைக்கனம். மாவு முழுவதும் வீட்டுக்குப் போனது. மூடியை அப்படியே முடுக்கிவிட்டான்.

"யாருங்க குடுத்தா?" என்றாள் மனைவி டோரின்.

"என் வேலைய பாத்து அவனே குடுத்தான்லா."

பிள்ளைகள் ரொட்டியை மென்று தின்றதைப் பார்த்தபோது அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாள் காரை ஓட்டியவர் பக்கத்து வீட்டு டிரைவர் சன்னாசி. மந்தின் ஏற்றத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. மூடி கிழிந்து எண்ணெய் கொட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி புகையில் இருமிக்கொண்டே இறங்கினார்.

பட்டறை வாசலில் விசாரணை நடந்தது. மாவு வைத்துப் பார்த்தாயா என்று எட்மண்டிடம் கேட்டார்கள். "பார்த்தேன்" என்றான். நாக்கு கூசாமல் வந்துவிட்டது. அப்படியானால் ஓட்டியவன்தான் கெடுத்தான் என்று முடிவாயிற்று. சன்னாசிக்குக் கன்னத்தில் அறை மேல் அறை விழுந்தது. கிழிந்த மூடியைத் தலைக்குமேல் தூக்கியபடி வெயிலில் மண்டிபோட வைத்தார்கள். எட்மண்ட் பத்தடி தள்ளி நின்று, துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தான்.  

சாயங்காலம் தைலப் பாட்டிலோடு சன்னாசி வீட்டுக்குப் போனான். அவர் வீங்கிய கன்னத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்த மூடிய நான்..."

"தெரியும் தம்பி. நேத்து டோரின் எங்க வீட்டுக்கும் ரெண்டு ரொட்டி குடுத்து விட்டுச்சி. எம் பொண்டாட்டி தாயம்மா பிச்சி பிள்ளைங்களுக்குக் குடுத்தா. இந்தத் தோட்டத்துல கோதும மாவு வேற யார்கிட்ட இருக்கு? மண்டி போட்டிருக்கயிலயே புரிஞ்சி போச்சி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னா ஜப்பான்காரன் உன்னோட விடுவானா? வீடு வீடா வருவான். எம் பிள்ளைங்களும்தானே தின்னுச்சிங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நிற்கவும் முடியாமல், போகவும் தோன்றாமல், கூனிக் குறுகி எட்மண்ட் பாட்டிலை நீட்டினான். சன்னாசி அதை வாங்கி, கன்னத்தில் தைலத்தைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்கி ஒழுங்கா பாத்து மூடு தம்பி. மறுபடியும் நான்தான் ஓட்டணும்."