ஒரு தபா சொன்னது

நாற்பத்தெட்டு வயதில் படிக்கப் போனேன். போனேன் என்பது ஒரு மரியாதைக்கு. உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம் என்பதுதான் அந்தப் படிப்பின் விளம்பரமே. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்றில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், இருபத்தாறு வருடம் ஊசி குத்தியவள் நான். வேலையை விடாமலே வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைதூர முதுநிலைப் படிப்பு. முடித்தால் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது, ஒரு குடும்பத்தில் யாருக்கு என்ன என்றாலும் தானே பார்த்து, தானே முடிவெடுத்து மருந்து எழுதுகிற நர்ஸ். இதை ஊருக்குப் பொறுமையாக விளக்கினேன். ஊர் கடைசிவரை கேட்டுவிட்டு "அரை டாக்டரு" என்று சுருக்கிக்கொண்டது.

எதற்கு இந்த வேலை என்றால், பொறாமைதான். எங்கள் நிலையத்துக்கு வரும் டாக்டர்களுக்கு வருடா வருடம் வயது குறைந்துகொண்டே போனது. நான் மாத்திரையின் பெயரை முணுமுணுப்பேன், அவர்கள் எழுதுவார்கள், நோயாளி அவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போவார். இத்தனை வருடம் பின்பாட்டு பாடியவளுக்கு ஒருநாளாவது முன்னால் நின்று பாட ஆசை.

எங்கள் ஊரில் வீடியோ ஓடும் அளவுக்குச் சிக்னல் கிடைப்பது ஏரிக்கரை மேட்டில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை அங்கே நிறுத்தி, குடையைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் வகுப்பு. திரையில் வரும் பேராசிரியைக்கு என் மகள் வயது. "யாருக்கு இந்த இருமல்? எத்தனை நாளாக?" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் அக்கறையாகக் கேட்டார். இருமியது பக்கத்தில் மேய்ந்த எருமை என்று சொல்ல வாய் வரவில்லை. "மூன்று நாளாக, மேடம்" என்றேன்.

படிப்பின் கடைசிக் கண்டம் ஒன்று உண்டு. ஒரே குடும்பத்தைப் பன்னிரண்டு வாரம் விடாமல் நேரில் பார்த்து, வாராவாரம் பதிவேட்டில் எழுதி, கடைசி வாரத்தை வீடியோ எடுத்து, தேர்வில் விளக்க வேண்டும். நடுவில் நோயாளி பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டால் கேஸ் பூர்த்தியாகாது. புதுக் குடும்பம், முதலிலிருந்து. முதல் தடவை நான் ஒரு கர்ப்பிணியைத் தேர்ந்தெடுத்தேன். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழகம் கடைசியாக இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. அதுவும் போனால் படிப்பே போச்சு.

ஆகவே இரண்டாவது தடவை, தாய்வீட்டுக்குப் போக முடியாத ஆளாகப் பார்த்தேன். அறுபது தாண்டிய விவசாயி. சுகர். இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஆறாத புண். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். புண்ணின் படத்தை வகுப்பில் காட்டினேன். "அருமையான கேஸ்" என்றார் பேராசிரியை. கூடப் படித்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். எங்கள் தொழிலில் கேஸ் எவ்வளவு நல்லதோ நோயாளி அவ்வளவு மோசம். இது தெரியாத அவரிடம் நான் போய், "நல்ல கேஸுன்னு சொன்னாங்க நைனா" என்று சொல்லித்தொலைத்தேன். பெரியவர் அதை டீக்கடையில் பட்டம் மாதிரி சூட்டிக்கொண்டார். "எங்கால வச்சித்தான் நர்சம்மா டாக்டரு ஆவப்போது."

செவ்வாய்க்கிழமை தோறும் போவேன். அதற்குள் காலைக் கழுவி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வருவதுபோல் காத்திருப்பார்.

"இன்னா நர்சம்மா, எப்டி கீது?"

"நல்லா கீது நைனா."

"நல்லா கீதுன்னா ஆறிப்பூடுமா? ஆறிப்பூட்டா உன் படிப்பு இன்னாத்துக்கு ஆவறது?"

"வாயக் கயுவுய்யா" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுப்பார்.

கட்டு கட்டி முடித்ததும் அந்த அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. "சாப்ட்டு போம்மா" என்று முதல் தடவை சொல்வது பேச்சுக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாவது தடவை சொன்னால் யோசிக்கலாம். மூன்றாவது தடவை சொல்லும்போது தட்டு வந்திருக்கும். அப்போது உட்காராவிட்டால் தகராறு. முதல் அழைப்பிலேயே உட்காருகிறவளுக்குப் பறக்காவெட்டி என்று பேர். அந்த அம்மா என்னை ஒருநாளும் மூன்றுக்குக் குறைத்துக் கூப்பிட்டதில்லை.

சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, வைத்தியத்துக்கும் இங்கே அதே முறைதான். தடுப்பூசிக்கு வா என்று ஒரு தடவை சொன்னால் யாரும் வரமாட்டார்கள். நான் இந்த ஊரில் பேர் வாங்கியதே நாலாவது தடவையால்தான். மூன்றாவது வாரம் பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "மாத்திர முய்ங்கு! முய்ங்குன்னா முய்ங்கணும்! நாளிக்கு வந்து எண்ணுவேன், கொறஞ்சிதுன்னா உன் வூட்டு வாசல்லயே குந்திக்குவேன்!" அவர் சிரித்துக்கொண்டே முழுங்கினார். "இது சொல்றது. இதுக்கு முன்னால வந்த நர்சு ஒரு தபா சொல்லும், போய்க்கினே இருக்கும். ஒரு தபா சொன்னா சொன்னதா?"

பத்தாவது செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தேன். கட்டைவிரல் நுனி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அந்த வாடையைப் பாடப்புத்தகம் இரண்டு பத்தியில் விவரிக்கிறது. என் மூக்குக்கு ஒரு மூச்சு போதும். அன்றைக்கே அனுப்ப வேண்டிய கால். பன்னிரண்டு வாரத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பிளாஸ்திரியை வெட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், சாதாரணக் குரலில் சொன்னேன். "நைனா, செங்கல்பட்டுக்கு ஒரு நட போயி பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வந்துடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும்.

"போனா படுக்க வச்சிடுவானா?"

"வச்சாலும் வைப்பாங்க."

"அப்ப உன் பரீட்ச?"

நான் பெட்டிக்குள் கத்தரிக்கோலைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.

"ரெண்டு வாரந்தான கீது. முடிச்சிக்கினே போய்க்கலாம் வுடு" என்றார். மரியாதை தெரிந்த மனிதர். பேச்சுக்குக் கூப்பிட்டதற்குப் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்று, நாசூக்காக மறுத்துவிட்டார்.

பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: மேல்சிகிச்சைக்குச் செல்ல அறிவுறுத்தப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார். எங்கேயும் பொய் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். எங்கள் நிலையத்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். காலைப் பார்த்து அல்ல, பக்கத்தைப் பார்த்து. நான் காட்டியதும் பக்கத்தைத்தான்.

பதினோராவது வாரம் இரண்டு விரல் கறுத்திருந்தது. ஜுரம். மாத்திரையைக் கூட்டினேன். பதிவேட்டில் அதே வாக்கியத்தை மறுபடி எழுதினேன். வாயால் சொன்னாயா என்று கேட்டால், நோட்டில் இருக்கிறது என்பேன்.

பன்னிரண்டாவது வாரம் வீடியோ. பெரியவர் இஸ்திரி போட்ட வேட்டியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கியது. "சோக்கா எடு நர்சம்மா, மூஞ்சியும் தெரியணும்" என்றார். முகம் பாடத்திட்டத்தில் இல்லை. இருந்தாலும் எடுத்தேன். நிறுத்தும் பொத்தானை அமுக்கிய கையோடு கத்த ஆரம்பித்தேன். "அறிவு கீதா உனக்கு? கால பாத்தியா நீ? எய்ந்திரு! ஒடனே போவணும்! இப்பவே போவணும்! போறியா இல்ல நானே தூக்கி வண்டில போடட்டுமா?" நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார். கணவனின் காலைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒருவேளை விரலோட போயிருக்கும்" என்றார் அறுவை டாக்டர். "ஊர்ல நர்ஸ் யாரும் பாக்கலையா?"

நான் யூனிபாரம் இல்லாமல், சாதாரணப் புடவையில் நின்றிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்தான் பதில் சொன்னார். "நர்சம்மா சொல்லிச்சி சார். நாந்தான் கேக்கல."

"சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று, நன்றாகவே ஆட்டினேன்.

தாலுகா நூலகத்தில் கிடைத்த மொழிபெயர்ப்பு நாவல்களையெல்லாம் படித்து முடித்தவள் நான். பாவம் செய்தவர்கள் கடைசி அத்தியாயத்தில் மண்டியிட்டு அழுவார்கள் என்று தெரியும். எனக்கு மூட்டுவலி.

தேர்வு ஏரிக்கரையில் நடந்தது. பேராசிரியை என் பதிவேட்டைப் புரட்டி மகிழ்ந்து போனார். "நோயாளியின் சுயமுடிவை மதித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு அறிவுரையையும் பதிவு செய்திருக்கிறீர்கள். மற்றவர்கள் இதைப் பார்த்துக் கற்க வேண்டும்." பிறகு ஒரே ஒரு கேள்வி: "இப்போது எப்படி இருக்கிறார்?"

"நிலையாக இருக்கிறார், மேடம்" என்றேன். அதற்கும் மார்க் போட்டார்.

தேறிவிட்டேன். செய்தியைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். கையில் மைசூர்பாகு. சுகர்காரர் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போன முதல் நர்ஸ் பிராக்டிஷனர் நானாகத்தான் இருப்பேன். வாசலில் அவர் செருப்பு ஜோடியாகவே கிடந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "வா டாக்டரம்மா! நீ முயுசா ஆயிட்ட. நாந்தான் அரையாப்பூட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை மதிப்பவள் நான்.

அவர் மனைவி மைசூர்பாகு டப்பாவை வாங்கி, பிரிக்காமல் ஜன்னல் மேல் வைத்தார். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். கட்டைப் பார்த்தேன், மாத்திரையைப் பார்த்தேன், பார்க்க வேறு எதுவும் இல்லாததால் பெட்டியை மூடினேன்.

"சாப்ட்டு போம்மா" என்றார்.

"இருக்கட்டும்மா" என்றேன், முறைப்படி.

பெட்டியின் கொக்கியைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா கரண்டியால் ஒரு தடவை கலக்கிவிட்டு, மூடியை எடுத்து மூடினார். நான் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.